எட்டேகால் மணி மாத்திரை

ஜூன் 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் பாமா சிஸ்டர் சொன்னதால் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். "தினமும் எத்தனை மணிக்கு மாத்திரை போட்டாங்க, அதுக்கப்புறம் உடம்பு எப்படி இருந்துச்சு, ரெண்டு வரி எழுதி வைங்கம்மா. டாக்டருக்கு உதவியா இருக்கும்" என்றார். மாத்திரை சாப்பிடுவது என் மருமகள் அனுசுயா. எழுதப்போவது நான். நோட்டை அவளிடம் கொடுத்தால் அவள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வாள்.

அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். கல்யாணமான எட்டாம் மாதம் கண்டுபிடித்தார்கள். மூன்று வருடம் ஆகப்போகிறது. தினம் ஒரு மாத்திரை, காலைச் சாப்பாடு முடிந்ததும், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல இருக்கலாம் என்று டாக்டர் ஜெசிந்தா முதல் நாளே சொன்னார். அப்படித்தான் இருந்தாள். அச்சகத்தில் டிசைன் வேலைக்குப் போனாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தாள், நோய் அடங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. இந்தத் தடவை ஏறியிருக்கிறது என்று வந்திருக்கிறது.

"மாத்திரையை விடாம சாப்பிடுறீங்களா அனுசுயா?" என்று டாக்டர் கேட்டார்.

"தினமும் சாப்பிடுறேன் டாக்டர்" என்றாள். டாக்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துச் சொன்னாள்.

நான் இருபத்தேழு வருடம் அரசு மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்லும் பெண் பிள்ளை எங்கே பார்ப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

காலை 8.15. மூன்று இட்லி. மாத்திரை சாப்பிட்டாள். என் கண் முன்னால்தான்.

மாத்திரை டப்பா இன்றிலிருந்து என் பீரோவில். திருமலையிடம் போனில் சொன்னேன். என் மகன் ரயிலில் உதவி ஓட்டுநர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான். "அவ என்ன சின்னப் பிள்ளையாம்மா?" என்றான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பேசு என்றேன்.

ஜூன் 12, புதன்

8.15. சாப்பிட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

8.20. தோசை இரண்டு. சாப்பிட்டாள். விழுங்கியதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம். நேற்றும் அப்படித்தான். பல் விளக்கிச் சாப்பிட்ட பிறகு உள்ளே என்ன வேலை?

ஜூன் 17, திங்கள்

8.15. நேற்று அவள் அம்மா சாத்தூரிலிருந்து வந்துவிட்டுப் போனார். போகும்போது ஒரு எவர்சில்வர் டப்பாவை அனு கையில் திணித்ததைப் பார்த்தேன். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்து இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களோ என்று எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். அவள் வேலைக்குப் போனதும் திறந்து பார்த்தேன். பருப்புப் பொடி. நாக்கில் வைத்தும் பார்த்தேன். பருப்புப் பொடிதான். பூண்டு அதிகம்.

ஜூன் 18, செவ்வாய்

8.15. சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் பாமா சிஸ்டர் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார், பண்ணினார். குழாய் விஷயத்தைச் சொன்னேன்.

"குமட்டல் இருக்கலாம்மா. அந்த மாத்திரைக்கு அது உண்டு. கேட்டுப் பாருங்க."

"கேட்டா சொல்ல மாட்டா. நான்தான் கவனிச்சுக்கணும்."

"போலீஸ் மாதிரி கவனிக்க வேண்டாம்மா. அவங்க சாப்பிடுறப்ப சும்மா பக்கத்துல உட்கார்ந்திருங்க, அது போதும். மாத்திரையை விடுறவங்க யாரும் கொழுப்பு எடுத்து விடுறதில்ல. ஏதோ ஒரு காரணம் இருக்கும். அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது."

சரி என்றேன். சின்ன வயசு. விடுதியில் ஒரு மாதம் வேலை பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

அவள் வெளியே வந்த உடனே நான் உள்ளே போனேன். வாஷ்பேசின் ஓட்டையைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு கறை, விரலால் தொட்டால் ஒட்டியது. அந்த மாத்திரையின் நிறமும் காவிதான்.

விழுங்கவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து இங்கே துப்புகிறாள். என் கண் முன்னாலேயே.

கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்டால் இல்லை என்பாள், அப்புறம் வேறு இடத்தில் துப்புவாள். முதலில் காரணம் தெரிய வேண்டும். பொறுத்துக்கொண்டேன்.

ஜூன் 28, வெள்ளி

8.15. துப்பினாள் என்றே நினைக்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. பத்திரிகை அனு வேலை செய்யும் அச்சகத்தில்தான் அடித்தது, டிசைனே அவள்தான். நன்றாக வந்திருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வளையல் போட அழைத்தபோது பின்னால் போய் நின்றுகொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "நம்ம வீட்டுக்கு எப்ப இப்படிப் பத்திரிகை அடிக்கப்போறியோ" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று நினைப்பது குற்றமா?

மார்ச்சில் பேசியது வேறு. அது எனக்கும் என் மகனுக்கும் நடந்த பேச்சு. அதை இங்கே எழுத அவசியமில்லை.

ஜூலை 3, புதன்

குளிக்கப் போனபோது அவள் சாப்பாட்டுப் பையைப் பார்த்தேன். சரியில்லைதான். ஆனால் பார்த்தேன். தயிர் டப்பாவுக்கு அடியில், கைக்குட்டைக்குள் சுருட்டி, ஒரு மாத்திரை அட்டை. சின்னச் சின்னதாக மஞ்சள் மாத்திரைகள், நாலைந்து காலியாகியிருந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்தது இல்லை. பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு பழையபடி வைத்துவிட்டேன்.

அவள் கிளம்பியதும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். சௌந்தர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது போலிக் ஆசிட்தான்மா. சத்து மாத்திரை. குழந்தைக்கு முயற்சி பண்ற பொண்ணுங்க முன்கூட்டியே சாப்பிட ஆரம்பிப்பாங்க. வீட்டுல நல்ல சேதியா?"

தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

ஜூலை 4, வியாழன்

8.15. சாப்பிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

8.15. சாப்பிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

8.15. சாப்பிட்டாள். பாமா சிஸ்டர் போன்.

"எப்படிம்மா போகுது? தவறாம சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறா."

"குமட்டல்?"

"இல்ல."

"நீங்க கூட இருக்கிறதால எனக்குக் கவலை இல்லம்மா. சில வீட்டுல கேக்கறதுக்கே ஆள் இருக்காது."

இந்த மாத்திரை சாப்பிடும்போது குழந்தை தரிக்கக் கூடாது, குறைப்பிறவியாகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதை அனுவும் கேட்டாள், நானும் கேட்டேன். அவள் முடிவை அவள் எடுத்திருக்கிறாள். படித்த பெண், அவளுக்குத் தெரியாததா? பத்து மாதம்தானே. அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டால் பழையபடி அடங்கிவிடும். முன்பு அடங்கியது போலத்தானே.

ஜூலை 16, செவ்வாய்

8.15. சாப்பிட்டாள்.

முருங்கைக்கீரையும் முட்டையும் வறுத்து வைத்தேன். அவளுக்குப் பிடிக்கும். தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன அத்தை, திடீர்னு?"

"சும்மாதான். உடம்புக்கு நல்லது."

பாதியை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். இப்போதெல்லாம் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். நான் எதையும் கேட்காமல் இருப்பது அவளுக்குச் சந்தேகமாக இருக்கிறது போல. குளியலறைக்குப் போகுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து எனக்கு அடுப்பில் வேலை வந்துவிடுகிறது.

ஜூலை 21, ஞாயிறு

திருமலை வீட்டில் இருந்தான். "அனு இளைச்சுட்டாளேம்மா. காலையில தலையணை உறையெல்லாம் வேர்வையில நனைஞ்சு கிடக்கு. மாத்திரை ஒழுங்கா போகுதுல்ல?" என்றான்.

நோட்டைக் காட்டினேன். நானே பக்கங்களைப் புரட்டி, 'சாப்பிட்டாள்' என்ற இடங்களில் மட்டும் விரல் வைத்துக் காட்டினேன். "நீ இருக்கப்போய் சரி" என்றான்.

சாயங்காலம் என் நாத்தனார் பாக்கியம் போன் பண்ணினாள். வழக்கம்போல, "மதினி, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன். குரலில் என்ன தெரிந்ததோ, "அப்ப ஏதோ இருக்கு" என்றாள். நான் மறுக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

8.15. சாப்பிட்டாள்.

காலண்டரைப் பார்த்தேன். ஆறு நாள் தள்ளியிருக்கிறது. அவள் சொல்லவில்லை, நானாகத்தான் கவனித்து வைத்திருக்கிறேன். சோர்வாக இருக்கிறாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொள்கிறாள். மசக்கையாக இருக்கலாம். திருமலையைச் சுமந்தபோது எனக்கும் இப்படித்தான் ஏதேதோ செய்தது. விலாவில் வலித்ததாக நினைவில்லை. ஆளுக்கு ஆள் மாறும்.

ஆகஸ்ட் 3, சனி

ஒன்றுமில்லை. இன்று காலை மாதவிலக்கு ஆகிவிட்டது.

அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காபி கொண்டுபோய் வைத்தேன். "ஏன்ம்மா" என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். இரண்டு பேருக்கும் எது ஒன்றும் இல்லை என்று தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

8.15. சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பதினொரு மணிக்கு அச்சகத்திலிருந்து போன். கூட வேலை செய்யும் மும்தாஜ். அனு நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாளாம், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நான் போகும்போது கையில் ஊசி ஏறியிருந்தது. வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்துக்கு மேல். மண்ணீரல் வீங்கியிருக்கிறது. இடது விலாவுக்குக் கீழே இருப்பது அதுதானாம்.

டாக்டர் ஜெசிந்தா நோட்டைக் கேட்டார். பையில்தான் இருந்தது. நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். நடுநடுவே அவருக்குத் தேவையில்லாதது நிறைய இருந்ததால் மணியையும் 'சாப்பிட்டாள்' என்பதையும் மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஜூன் கடைசியில் ஒரு இடத்தில் என் எழுத்து அவருக்குப் புரிந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டிவிட்டார்.

"ஒரு நாள் கூட விடலம்மா நீங்க" என்றார். "அப்படின்னா இந்த மருந்துக்கு அவங்க நோய் கட்டுப்படலன்னு அர்த்தம். இதைவிட வீரியமான மருந்துக்கு மாத்தணும். அதுக்கு இருதயத்தைக் கவனிக்கணும், ரத்தக்குழாயைக் கவனிக்கணும். வேற வழி இல்ல. திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம்."

அனு கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. இமை துடித்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

அவளே சொல்வாள் என்று பார்த்தேன். அவளும் சொல்லவில்லை. திருமலை லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். "நீயும் எவ்வளவோ பார்த்துக்கிட்டே, உன் மேல தப்பில்லம்மா" என்று என்னிடம் சொன்னான்.

சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்தது போலாகும். அப்படித்தான் எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. அவள் துப்பினாள் என்று சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் புது மருந்துச் சீட்டை எழுத உட்கார்ந்தார். பாமா சிஸ்டர் பக்கத்தில் இருந்தார். திருமலை சுவரில் சாய்ந்து நின்றான். அனு கட்டிலில்.

"டாக்டர், அந்த நோட்டுல நான் எழுதினது பொய்" என்றேன்.

பேனா நின்றது.

"அவ மாத்திரையை விழுங்கல. துப்பிக்கிட்டிருந்தா. எனக்கு ஜூன் மாசமே தெரியும். எதுக்குன்னு ஜூலை மூணாம் தேதி தெரிஞ்சுது. குழந்தைக்காக. தெரிஞ்சும் சாப்பிட்டான்னு எழுதினேன். சிஸ்டர் கேட்டப்பவும் அதையே சொன்னேன்."

திருமலை என்னைப் பார்க்கவில்லை, அனுவைப் பார்த்தான். "அனு, நான் எப்பவாவது கேட்டேனா?" என்றான்.

"நீங்க கேக்கல" என்றாள் அனு. "அத்தை உங்ககிட்ட பேசினது எனக்குக் கேட்டுச்சு. மார்ச்சுல. அடுப்படியில."

எழுத அவசியமில்லை என்று ஒதுக்கியதை இனி எழுதித்தான் ஆகவேண்டும். 'இந்த மாத்திரை இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல தொட்டில் கட்ட முடியாது. நீ வேற முடிவு எடுக்கிறதுன்னா இப்பவே எடு, வயசு ஏறிக்கிட்டு இருக்கு' என்று என் மகனிடம் சொன்னேன். அவன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் சீட்டைக் கிழித்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அனுவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. ரெண்டு வருஷம் நோய் நல்லா அடங்கியே இருந்தா, மாத்திரையை நிறுத்திட்டு, மாசாமாசம் ரத்தம் பார்த்துக்கிட்டே குழந்தைக்கு முயற்சி பண்ணலாம். அப்படிப் பெத்தவங்க இருக்காங்க. மார்ச்சுல உங்களுக்கு ஒன்றரை வருஷம் முடிஞ்சிருந்துச்சு."

இன்னும் ஆறு மாதம் என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. அனு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பாமா சிஸ்டர் அவள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பழைய மாத்திரையையே மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அது வேலை செய்யும் என்றார் டாக்டர், சாப்பிட்டால்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வீட்டுக்கு வந்து மூன்று நாள். திருமலை என்னிடம் 'சாப்பாடு போடு', 'சாவி எங்கே' என்பதற்கு மேல் பேசுவதில்லை.

காலையில் அனு வந்து நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பருப்புப் பொடி பக்கத்தில் அவள் உதடு லேசாக அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

"ஜூலை மூணுக்கு அப்புறம் நீங்க எழுதினது எதுவும் உண்மை இல்ல. அப்படித்தானே அத்தை?"

"ஆமா."

"தெரிஞ்சு ஒரு மாசம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் இளைச்சதையும் பார்த்தீங்க."

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நான் தினமும் பயந்துக்கிட்டே துப்பினேன்."

அழுதாள் என்று எழுதினால் பொய். அழவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமே மாத்திரையை நான் வீட்டுல சாப்பிடல. ஆபீஸ்ல மும்தாஜ் முன்னால சாப்பிடுறேன். அவ சிஸ்டருக்கு மெசேஜ் போடுவா. டப்பா என் பையில இருக்கட்டும்" என்றாள்.

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அச்சகம் லீவு. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டிருப்பாள். தெரியாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

பாமா சிஸ்டர் எனக்குப் போன் பண்ணுவதில்லை. நானே பண்ணினேன். அனு எப்படி இருக்கிறாள் என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது, அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

"வெள்ளை அணு இறங்கிருச்சும்மா. அவங்க சொல்லலையா?"

"இல்ல."

"குமட்டல் அதிகமா இருக்குன்னு சொன்னாங்க. காலையில எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இட்லி, இல்லைன்னா கஞ்சி. அது உங்களால முடியும்ல?"

முடியும் என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

அரிசிக் கஞ்சி, துவையல். ஒரு டம்ளரில் பாதி குடித்தாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

பாக்கியம் வந்திருந்தாள். அனு காபி கொண்டுவந்து வைக்கும்போது, "ஜூலையில மதினி குரலைக் கேட்டு நான் நல்ல சேதின்னே நெனைச்சேன். இந்தப் பிள்ளைக்கு ஏதும் பூஜை பரிகாரம் பண்ணிப் பார்க்கலாம்ல?" என்றாள்.

"அவளைக் கேக்காத" என்றேன். "அவ மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரியில கிடந்தது நான் பேசின பேச்சால. இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம் பாக்கியம். எங்கிட்டயும் வேண்டாம்."

பாக்கியம் முகம் சுருங்கிவிட்டது. காபியைக் குடிக்காமலேயே கிளம்பினாள். அனு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்னதை நம்பினாளா, வந்தவர்களுக்காகப் பேசினேன் என்று நினைத்தாளா, தெரியவில்லை. நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

மூன்று மாத ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கும் நாள். திருமலைக்கு லீவு கிடைக்கவில்லை. நேற்று சாயங்காலம் அனு, "நீங்க வர்றீங்களா அத்தை?" என்றாள். நான் புடவையை அப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

டாக்டர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அனு கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் மட்டும் போய்ட்டு வர்றேன்" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

இருபது நிமிடம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அங்கே போய் உட்காரவில்லை.

வெளியே வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. "பசிக்குது அத்தை" என்றாள். கேண்டீனில் இரண்டு தோசை வாங்கினோம். அவள் ஒன்றை முழுசாகச் சாப்பிட்டாள். ரிப்போர்ட் உறை மேஜையில் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. உறையின் வாய் திறந்திருந்தது. ஒரு விரலால் இழுத்தால் தெரிந்துவிடும். நான் சட்னியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒன்றைக் கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள். பெரியார் பஸ் நிலையம் தாண்டியபோது வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"இறங்கிருக்கு அத்தை. இன்னும் முழுசா அடங்கல. அடங்கினதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் பார்க்கலாம்னாங்க."

"சரிம்மா" என்றேன்.

இன்னும் ஏதோ சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு ஸ்டாப் கழித்து அவள் தன் பையை என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மாத்திரை டப்பா அந்தப் பையில்தான் இருந்தது. எங்கள் ஸ்டாப் வரும் வரை பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். திறக்கவில்லை.